உதிரி

அறுபத்து மூன்று ரன்னுக்கு என்ன பாட்டு போடுவதென்று
மைக்செட்காரனுக்கே தெரியவில்லை.
குகை லெவன் ஆல் அவுட்.
சிக்ஸர் பார்க்க வந்தவர்களின் பைக்குகள்
பந்தலுக்குப் பின்னால் ஒவ்வொன்றாய்க் கிளம்பின.

நான் குகைக்குக் கணக்கெழுதுகிறவன்.
பக்கத்து நாற்காலியில் முக்தியார்,
சூரமங்கலத்துக்கு.
ஒரே மேசை. ஒரே குடை.
ஒரே ரப்பர், அது அவருடையது.
ரெண்டு அணிக்கும் மூன்று வருடமாய்ப் பேச்சு இல்லை.
ஸ்டம்பைப் பிடுங்கி அடித்துக்கொண்டதில்
பதினோரு தையல், ஒரு வழக்கு.
எங்களுக்கு மட்டும்
ஓவருக்கு ஒருமுறை பேசியே ஆகவேண்டும்.
"அம்பது?"
"அதேதான்."

வெள்ளைக்கல் சுரங்கத்துப் பக்கமிருந்து காற்று.
தாளில் மாவு மாதிரி படிகிறது.
ஊதிவிட்டு எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு ஆறாயிரம் வாங்கும் எங்கள் தீர்த்தகிரி
ஷூவை மடியில் வைத்துக்கொண்டு
ஓமலூர் பஸ்ஸில் வந்து இறங்கினான்.
பந்தை அவன் வீசுவதாகவே தெரியவில்லை.
வட்டிக்காரன் நோட்டு எண்ணி வைப்பதுபோல்
ஒரே இடத்தில் வைக்கிறான், வைக்கிறான்.
நாலு ஓவர், எட்டு ரன், மூன்று விக்கெட்.
மீதியெல்லாம் புள்ளி.

பென்சில் மழுங்க மழுங்கப் புள்ளி.
தலையில் புள்ளி விழுந்தால்
எழுத்திலிருந்து உயிர் போய்விடும்,
மெய் மட்டும் நிற்கும் என்று
ஒன்றாம் வகுப்பில் படித்தது.
இன்றைக்கு மைதானம் பூராவும் மெய்.

தட்டுவடை செட் விற்கும் அல்லிமுத்து
பத்தாவது ஓவர் வரை கூவினான்.
அப்புறம் கூடையை இறக்கிவிட்டு
கோட்டோரம் குத்தவைத்தான்.
கேரட் துருவல் காய்ந்துகொண்டிருந்தது.
"இன்னும் எத்தனைங்க வேணும் அவங்களுக்கு?"
போன பைக்குகளில் ரெண்டு திரும்பி வந்தன.

சேர்வராயன் மலை இருட்டிவிட்டது.
ஏற்காட்டு வளைவுகளில் வண்டி விளக்குகள்,
ஏறுவது எது, இறங்குவது எது என்று பிடிபடவில்லை.
அம்பயர் வானத்தைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்,
ஆடுங்கள் என்று கையைக் காட்டினார்.

கடைசி ஓவர். மூன்று ரன். கையில் ஒரு விக்கெட்.
தீர்த்தகிரிக்கு ஓவர் மிச்சமில்லை.
பந்து சென்றாயன் கையில், பத்தொன்பது வயது,
அவனுக்குச் சம்பளம் ஒரு பிரியாணிப் பொட்டலம்.
புள்ளி.
ஒன்று.
புள்ளி.
ஒன்று.
சமம்.
புள்ளி.
முக்தியார் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

ஆறாவது பந்து மட்டையைத் தொடவில்லை.
பதினோராம் ஆள் ஞானசிகாமணி, ரயில்வே கேங்மேன்,
முழங்காலில் வாங்கிக்கொண்டு
வலியோடு ஓடினான்,
பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிற மாதிரி.
கீப்பர் எறிந்தது ஸ்டம்புக்கு ஒரு விரல் தள்ளிப் போனது.
அம்பயர் காலைத் தூக்கித் தொடையைத் தட்டினார்.
யார் பெயரிலும் சேராத ரன்.
பூ மார்க்கெட்டில் கட்டாமல் அள்ளிப் போடுவார்களே,
அந்த உதிரி.

அங்கே வெடி. இங்கே எங்கள் பையன்கள்
பேட்களைக் கழற்றக்கூட இல்லை.
நாங்கள் கூட்டிக்கொண்டிருந்தோம்.
முக்தியாருக்கு அறுபத்து நாலு.
என் மொத்தமும் அறுபத்து நாலு.
ஆனால் கட்டம் கட்டமாய்க் கூட்டினால்
அறுபத்து மூன்று.

மறுபடி கூட்டினேன்.
பதினோராவது ஓவர், நாலாவது பந்து.
அவர் தாளில் உதிரி ஒன்று.
என் தாளில் புள்ளி.
அப்போது தூசியை ஊதிக்கொண்டிருந்தேன்.
ஊதும்போதே ஓரக்கண்ணில்
அம்பயரின் தூக்கிய கால்
தெரிந்ததா?
ஓவர் முடிந்து மொத்தம் கேட்டபோது
நான்தான் சொன்னேன், அதேதான் என்று.

எங்கள் கேப்டன் மேசையை நோக்கி வருகிறான்.
"கணக்கு சரியா?"
அறுபத்து மூன்று என்றால் டை.
அறுபத்து மூன்று என்றால்
இருட்டுகிற நேரத்தில்
இன்னும் பிடுங்கப்படாத ஆறு ஸ்டம்புகள்.

அதற்காகத்தான் சொன்னேன் என்று சொல்லமாட்டேன்.
கால் தெரிந்தது. அவ்வளவுதான்.

"பாய், அந்த ரப்பர்."

எதற்கென்று கேட்கவில்லை.
என் தாளைப் பார்க்கவும் இல்லை.
தேய்ந்து புளியங்கொட்டை அளவான அதை
மேசைமேல் உருட்டிவிட்டு
குடையை
என் பக்கம் கொஞ்சம் சாய்த்தார்.
தூறல் ஆரம்பித்திருந்தது.